மைனி வீட்டுச் சாவி

எங்கள் வீட்டுச் சுவரில், முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி உண்டு. அதில் மூன்று சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றில் ஒன்றுகூட என் வீட்டுச் சாவி இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒரு குடும்பம் துபாயில், ஒரு குடும்பம் சென்னையில். ஊரைவிட்டுப் போகிறவர்கள் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள். மூன்றாவது சாவி மைனி வீட்டுச் சாவி. மற்ற இரண்டும் இந்தக் காலத்துச் சின்னச் சாவிகள். மைனி வீட்டுச் சாவி சாண் நீளத்துக்கு இரும்பில் கனமாக இருக்கும். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. சந்தையில் வாழைக்குலை சுமந்தவன். நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதுகிறாள். "மாமா, நீங்க பேசுகது போல எழுதுனா வெளியூர்க்காரங்களுக்கு மனசிலாவாது" என்று சொல்லிவிட்டு அவளாகவே திருத்தி எழுதுகிறாள். செரி, என் பேச்சைத் திருத்திக்கொள், மற்றவர்கள் பேசியதை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

மைனி எனக்குச் சொந்தம் இல்லை. மைனியின் வீட்டுக்காரர் எங்கள் சந்தையில் லாரி ஓட்டினார். நான் குலையைச் சுமந்து லாரியில் அடுக்குவேன், அவர் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவனந்தபுரம் கொண்டு போவார். செவ்வாழைக் குலையை எப்படி அடுக்கினால் கறுக்காது என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் தர்க்கம். அவர் சொன்னதுதான் சரி என்று அவர் இறந்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன். அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அவர் வீட்டுக்காரி எனக்கு மைனி. அந்த வீடு மைனிக்குத் தாய்வழியில் வந்தது. ஓட்டு வீடு, செம்மண் சுவர், உள்ளே அயனி மரத்தில் உத்திரம்.

அண்ணாச்சி போன பிறகு மைனி தனியாக இருந்தார்கள். மகன் பெங்களூரில் வேலை. ஒரு நாள் கார் கொண்டு வந்து அம்மையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். புறப்படும்போது மைனி சாவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"கொழுந்தப்பிள்ளே, இது உம்ம கையிலயே இருக்கட்டும். எம் மவன்கிட்ட குடுத்தா எங்கயாவது தொலைச்சிருவான். ஒண்ணுக்கும் கொள்ளாம ஆயிட்டம்னா நா இங்கனதான் வந்து கெடப்பேன். அப்பம் நா கேக்கும்போ எங் கையில தரணும்."

"வேற யாரு கையில குடுப்பேன் மைனி?"

"வெள்ளிக்கிழமை வெளக்கு முடங்கப்பிடாது, கேட்டேரா?"

கேட்டேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரி போய் முன்னறையைத் தூத்துப் பெருக்கி, வாசலில் கோலம் போட்டு, விளக்கு ஏற்றிவிட்டு வருவாள். அவள் இறந்த பிறகு நானே போனேன். கோலம் எனக்கு வராது. நாலு புள்ளி வைத்து நாலு கோடு இழுப்பேன். அதைப் பார்த்துத் தெருவில் பெண்கள் சிரிப்பார்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். என்னிடம் இருந்தது முன்வாசல் சாவி மட்டும். முன்னறையில் சாமி படங்களும் அண்ணாச்சி படமும் விளக்கும் இருந்தன. அங்கிருந்து உள்ளே போகிற கதவுக்கு மைனி வேறு பூட்டுப் போட்டிருந்தார்கள், உள்ளே வெண்கலப் பாத்திரங்கள் இருந்ததால். அந்தச் சாவி மைனியோடு பெங்களூருக்குப் போய்விட்டது. அதனால் எனக்குத் தெரிந்த மைனி வீடு என்பது ஒரே ஒரு அறை. அந்த அறையைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன்.

பாத்திரம் கழுவுகிற அங்கணமும் அடுக்களையும் மாட்டுத் தொழுவும் பின்பக்கம். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் தெருவைச் சுற்றி முடுக்குச் சந்து வழியாகப் போகவேண்டும். முட்டுவலி வந்த பிறகு நான் அந்த முடுக்கில் கால் வைத்ததில்லை.

டெங்கு கொசு பார்க்க நகராட்சியிலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வருவாள். கையில் டார்ச் லைட்டும் சாக்பீசும். ஒரு வெள்ளிக்கிழமை நான் விளக்கு ஏற்றிவிட்டுத் தீப்பெட்டியோடு வெளியே வரும்போது வாசலில் நின்றாள்.

"பாட்டா, இந்த வீட்டுல ஆளு உண்டா?"

"உண்டு."

"பொறத்தால எங்கயாவது தண்ணி கெட்டி நிக்கா?"

"நல்ல வீடாக்கும் மக்கா. பாத்தா தெரியல்லியா?"

அவள் கோலத்தைப் பார்த்தாள். உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தாள். கதவு நிலையில் சாக்பீசால் என்னவோ எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பொய் சொன்னதாக அப்போது தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைக் காட்டி யார் கேட்டாலும் ஆள் இல்லை என்று சொல்லமாட்டோம். கள்ளன் கேட்டாலும் சொல்லமாட்டோம், கலெக்டர் கேட்டாலும் சொல்லமாட்டோம். ஆளு உண்டு, வெளிய போயிருக்கு என்றுதான் சொல்லுவோம். ஆள் இல்லை என்று வாயால் சொல்லிவிட்டால் அது அப்படியே பலித்துவிடும் என்று ஒரு பயம். சின்ன வயதிலிருந்தே அந்தப் பதில் நாக்கில் தயாராக நிற்கும். அந்தப் பெண் பிறகும் வந்தாள், கேட்டாள். நானும் அதையேதான் சொன்னேன். நகராட்சிக் கணக்கில் அது ஆள் குடியிருக்கிற வீடாகவே இருந்தது.

முடுக்கில் ஒரு அங்கன்வாடி உண்டு. அங்கே சமைக்கிற ஆயாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் நேராக என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"வாரும் அண்ணாச்சி. உம்ம மைனி வீட்டைக் காட்டித் தாறேன்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாது. வாரும்."

கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். பின்சுவர் கர்ப்பிணி வயிறு போல முடுக்குப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. சுவரில் ஒரு அரசமரம் என் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அடுக்களைக் கூரை உள்ளே விழுந்து, ஓடு தாங்கிய கழுக்கோல்கள் விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன. கிணற்றைக் கொடி மூடிவிட்டது. ஒரு பெருச்சாளி எங்களைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கு யாரோ விருந்துக்காரர்கள் வந்ததுபோலப் பையப் பைய உள்ளே போயிற்று.

"முன்னால கோலம், பொறத்தால காடு. நல்லா இருக்குவேய் உம்ம காவல்" என்றாள் ஆயா. பிறகு குரலைத் தாழ்த்தி, "தெனமும் பிள்ளியள இது வழியாத்தான் கூட்டிட்டுப் போறேன். அந்தச் செவுரு பக்கம் வரும்போ எனக்கு மூச்சு நிக்கும், கேட்டேரா" என்றாள்.

அன்றைக்கே மைனி மகனுக்குப் போன் போட்டுத் தரும்படி மருமகளிடம் சொன்னேன்.

"சித்தப்பா, நா சித்திரையில வாறேன். வந்து ஆளு வச்சுப் பாக்கலாம்."

சித்திரை போயிற்று. ஓணத்துக்கு வருகிறேன் என்றான். அதுவும் போயிற்று. "அம்மைக்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிராதேயும், பிரஷர் உண்டு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். மைனி வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுவார்கள். "வெளக்கு ஏத்துனேரா?" என்பார்கள். "ஏத்துனேன் மைனி" என்பேன். அது உண்மைதான். ஆனால் மேற்கொண்டு ஏதாவது கேட்கும் முன்னால் போனை மருமகளிடம் கொடுத்துவிடுவேன்.

ஆயாவும் அங்கன்வாடிக்காரர்களும் மனு கொடுத்தார்கள். நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்து, முன்கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஒட்டியவரிடமே வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கட்டிடம் ஆபத்தான நிலையில் உள்ளது, உரிமையாளர் சரி செய்யவேண்டும் அல்லது இடிக்கவேண்டும், தவறினால் நகராட்சியே அகற்றிச் செலவை உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ளும் என்று இருந்தது. மகனிடம் சொன்னேன். "இதெல்லாம் சும்மா ஒட்டுகது சித்தப்பா. ஊரு பூரா ஒட்டியிருப்பானுவோ" என்றான்.

ஐப்பசி மழை அந்த வருஷம் நிற்காமல் பெய்தது. ஒரு நாள் மதியம், அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், சுவரின் ஒரு பாதி முடுக்கில் விழுந்தது. சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. குளச்சலிலிருந்து வண்டியில் மீன் கொண்டு வருகிற ஒருவர் அந்தச் சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டு, எதிர் வீட்டில் சில்லறை கொடுக்கப் போயிருந்தார். வண்டியும் மீன் பெட்டியும் மண்ணுக்கு அடியில். அவர் முடுக்கில் நின்றுகொண்டு, "மீனு போச்சு, நா போவல்ல. மீனு போச்சு, நா போவல்ல" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். ஆயா அவரைப் பிடித்து உட்காரவைத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சிய பாலைக் கொடுத்தாள். என்னைப் பார்த்தாள். அந்த வாய் அன்றைக்குச் சும்மா இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஜேசிபி வந்தது. கூடவே ஒரு அதிகாரி, நாலைந்து வேலைக்காரர்கள்.

"இந்த வீட்டுக்கு யாரு?" என்று அதிகாரி கேட்டார். தெருவே என்னைப் பார்த்தது.

"சாவி எங்கிட்ட உண்டு" என்றேன்.

ஜேசிபி ஓட்டுகிறவன் சிரித்துவிட்டான். "பாட்டா, பொறத்தால செவுரே இல்ல. சாவி என்னத்துக்கு?"

"பொறத்தால போறவன் கள்ளன். நீங்க கவர்மெண்டு. வாசல் வழியாப் போங்கோ."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி, "போயி எடுத்துட்டு வாங்க, நாங்க நிக்கோம்" என்றார். வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்துவந்து திறந்தேன். அந்த அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இடிக்கப் போகிற வீடு. அதை அவரும் யோசித்திருக்கமாட்டார், கால் தானாகக் கழற்றியிருக்கும். விளக்கையும் படங்களையும் நான் எடுத்துக்கொண்டேன். உள்பூட்டை உடைத்தார்கள். ஓட்டுச் சில்லுக்கு அடியிலிருந்து வெண்கலப் பாத்திரங்கள் வந்தன, எல்லாவற்றையும் என் வீட்டில் கொண்டு வைத்தோம். முன்கதவை நிலையோடு பெயர்த்து என் முற்றத்தில் சாய்த்து வைத்தார்கள், பூட்டு அதிலேயே இருந்தது. சாயங்காலம் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் வானம்.

அந்த வாரமே பில் வந்தது. ஜேசிபி வாடகை, மண் அள்ளிய லாரி, ஆள் கூலி. கட்டாவிட்டால் வீட்டு வரியோடு சேர்த்து வாங்குவார்களாம்.

மகன் போனில் கத்தினான். "ஒம்ம யாரு வேய் தொறக்கச் சொன்னா? நீரு சாவியக் குடுக்காட்டா அவனுவோ கை வச்சிருப்பானுவளா? இப்பம் இந்தப் பைசாவ யாரு கெட்டுவா? நீரு கெட்டுவேரா?"

அதுவரைக்கும் சித்தப்பா என்றவன் அன்றைக்குத்தான் முதல் தடவை வேய் என்றான்.

"அம்மைக்கிட்ட நீரே சொல்லும்" என்று வைத்துவிட்டான்.

சாயாக்கடையில் எனக்கு ஒரு பெயர் விழுந்தது. "சாவிக்காரரே, எங்க வீட்டையும் ஒண்ணு தொறந்து குடும், இடிச்சுக் கெட்டணும்" என்று ஒருவர். "எளவு, அவரு சாவிய வச்சு வீட்ட நல்லாத்தான் பாத்தாரு, முன்பக்கம் மட்டும்" என்று இன்னொருவர். நானும் சிரித்தேன். ஆனால் துபாய்க்காரர்களின் சொந்தக்காரர் ஒருவர் வந்து, "சும்மா, உள்ள ஒருக்க பாத்துட்டுத் தாறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். திரும்பத் தரவில்லை. ஆணியில் அந்த இடத்தைப் பார்க்காமல் கண்ணாடியில் முகம் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

வீடு இடித்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை வந்தது. மைனி பேசினார்கள்.

"வெளக்கு ஏத்துனேரா?"

"ஏத்துனேன் மைனி. எங்க வீட்டுல வச்சு ஏத்துனேன்."

"உம்ம வீட்டுல வச்சு எதுக்கு?"

சொன்னேன். சுவர் விழுந்தது, மீன் வண்டி, பிள்ளைகள், ஜேசிபி, நான் திறந்து கொடுத்தது எல்லாம். ஒண்ணுக்கும் கொள்ளாமல் ஆனால் வந்து கிடப்பேன் என்று சொன்னவர்கள். வந்து கிடக்க ஒரு மூலைகூட நான் மிச்சம் வைக்கவில்லை.

"சாவி?" என்றார்கள் கடைசியில்.

"சாவி எங்கிட்ட உண்டு."

"செரி. நா வாறேன்."

இரணியல் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். மகன் பெட்டியோடு இறங்கினான், என்னோடு பேசவில்லை. மைனி மெலிந்துபோயிருந்தார்கள். சுகமா என்று கேட்கவில்லை. கையை நீட்டினார்கள். துண்டில் பொதிந்து வைத்திருந்த சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

இடத்தைப் பார்த்ததும் மைனி சொன்னது, "எம்புட்டு சின்ன எடம். இதுக்குள்ளயா நாங்க இத்தன பேரு கெடந்தோம்?"

அடுக்களை எங்கே, தொழுவு எங்கே என்று நடந்து பார்த்தார்கள். ஆயா முடுக்கிலிருந்து வந்தாள். மைனி அவளிடம், "பிள்ளியளுக்கு ஒண்ணும் ஆவல்லியே?" என்று மட்டும் கேட்டார்கள். "இல்ல மைனி, ஒறங்கிட்டுக் கெடந்துதுவோ" என்றாள் அவள். மைனி கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தார்கள். "மீன்காரருக்கு வண்டி?" என்றார்கள். அது மகனுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நீ சும்மா இரி. முனிசிபாலிட்டிக்காரங்க இடிப்பாங்களாம், நாம பைசா கெட்டணுமாம். இது எந்த நியாயம்? இவரு சாவி குடுக்கப்போய்த்தானே?"

"லேய்" என்றார்கள் மைனி. "எங்க அப்பா ஒரு பூ கால்வாய் வெட்டாமப் போட்டாரு, தெரியுமா ஒனக்கு?"

அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பூ என்றால் ஒரு போகம். ஒவ்வொரு பூவுக்கும் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் முன்னால் அவரவர் வயலை ஒட்டிய கால்வாயை அவரவர் வெட்டித் தூர் எடுக்கவேண்டும். ஒருவர் வெட்டாமல் விட்டால் அவருக்குக் கீழே உள்ள அத்தனை வயலும் காயும். அப்படி விட்டால் ஊரே ஆள் வைத்து வெட்டிவிட்டு, கூலியை வெட்டாதவரிடம் வாங்கிக்கொள்ளும். மைனியின் அப்பாவுடைய பங்கை அன்றைக்குக் கூலிக்கு வெட்டிய ஆட்களில் என் அப்பாவும் ஒருவர்.

"ஊரு வந்து கேட்டப்போ அவரு வரப்புல நின்னே குடுத்தாரு" என்றார்கள் மைனி. "அவருக்கு வெக்கம் வந்துது, கோவம் வரல்ல. வெட்டவேண்டியது நாம. சாவிய நாந்தான் இவருக்கிட்டக் குடுத்தேன், ஒன்ன நம்பாம. சித்திரைக்கு வாறேன்னு நீதானே சொன்ன? இவரா சொன்னாரு?"

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மைனியும் நானும் நகராட்சி ஆபீசுக்குப் போனோம். மைனி பில்லை வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். லாரிக் கூலி வந்ததும், "மண்ணு அள்ளவா இம்புட்டு? கொஞ்சம் கொறையும் மக்கா" என்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "பாட்டி, இது சந்த இல்ல." கையில் கிடந்த ஒரு வளையலை நகைக்கடையில் கொடுத்துவிட்டுத்தான் மைனி அங்கே வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், நான்தான் கூடப் போனேன். மீன்காரருக்கும் அதில் ஒரு பங்கு போயிற்று.

செருப்பைக் கழற்றிய அந்த அதிகாரி எங்களைக் கண்டு எழுந்து வந்தார். "அம்மா, வெறும் எடத்தையும் அப்படியே போட்டுராதீங்க. சுத்தி வேலி போடுங்க, காடு ஏறாமப் பாத்துக்கிடுங்க. இல்லாட்டா அதுக்கும் பில்லு வரும்" என்றார். "வராது" என்றார்கள் மைனி.

கம்பி வேலி போட்டோம். சின்னதாக ஒரு இரும்புக் கேட். ஒரு அறையாவது எடுக்கலாமா என்று மைனி கொஞ்ச நேரம் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகன் விளக்கையும் வெண்கலப் பாத்திரங்களையும் கட்டிவைக்கப் போய்விட்டான். அறை யோசனை அப்படியே நின்றுவிட்டது. புறப்படுகிற அன்று கேட்டைப் பூட்டிவிட்டுப் புதுச் சாவியை என்னிடம் நீட்டினார்கள். பழைய சாவி முந்தானையிலேயே இருந்தது.

"இது உம்ம கையில இருக்கட்டும்."

"இனியுமா மைனி? தெருவே சிரிக்கி."

"சிரிக்கட்டும். வெளக்கு ஏத்தாண்டாம். அது இனி நா இருக்க எடத்துல எரியும். நீரு மாசத்துக்கொருக்க ஆள விட்டுப் புல்ல வெட்டும். கேட்டேரா?"

"கேட்டேன்."

"பொறகு, யாராவது வந்து இங்க ஆளு உண்டான்னு கேட்டா..."

"கேட்டா?"

"இல்லன்னு சொல்லும்."

ஸ்டேஷனுக்குப் பிடித்த வாடகைக் கார் புறப்பட்டுப் போயிற்று. மகன் கண்ணாடியை இறக்கி, "வாறேன் சித்தப்பா" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்போதும் போகிறேன். தீப்பெட்டி கொண்டு போவதில்லை. முட்டு வலித்தாலும் முதலில் முடுக்கைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வருகிறேன். ஆயா கண்டால், "வந்தாச்சா காவல்காரரு" என்பாள். வேலியில் ஏறுகிற கொடியை அறுத்துப் போடுவேன். கொசு பார்க்கிற பெண் அடுத்த தெரு வரை வந்துவிட்டாள் என்று கேள்வி. இங்கே வந்து அவள் அதையே கேட்டால் மைனி சொன்னபடி சொல்ல என் நாக்கு வளையுமா என்று தெரியவில்லை.